மூடிக்கு உள்ளே ஒட்டும் கடிதம்

பிள்ளைகளே, நீங்கள் எதிர்பார்த்தது இதையல்ல என்று எனக்குத் தெரியும். எந்தப் பசை வெயிலுக்கு இளகாது, அயன்பெட்டியின் கைப்பிடியை வெடிக்காமல் எப்படிக் கழற்றுவது, வெள்ளிப் பூச்சு உரியாமலிருக்க அடியில் எதைப் பூசுவது என்று ஒரு முழுத் தாளுக்குக் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கடையைக் கைமாற்றிவிட்டு, கண்ணுக்கு வில்லை வைத்துக்கொண்டு, பின்வளவில் கதிரை போட்டுக் குந்தியிருக்கிறவனிடம் போய் யாராவது பசையைப் பற்றிக் கேட்பார்களா? போனைத் தட்டினால் பத்துப் பேர் செய்தே காட்டுவார்கள். அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "நாம் செய்து கொடுக்கிற ஒவ்வொரு சாமானின் மூடிக்கு உள்ளேயும் ஒரு கடிதம் ஒட்டவேண்டும் என்ற நல்ல யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல யோசனையாம்! அந்தக் கடிதத்தை ஒட்டும்போதெல்லாம் என் மூளையை நினைத்து நீங்கள் மெச்சிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அது மூளையால் வந்ததல்ல என்பதைச் சொல்லாமல் போய்ச் சேரக்கூடாது என்றுதான் இந்தத் தாள்களை எடுத்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பழுதாய்ப்போன வீட்டுச் சாமான்களை வெட்டி ஒட்டி, விண்வெளிப் படங்களில் வருகிற கருவிகளின் நகல்களைச் செய்வதுதான் நம் வேலை. ஹெயார் ட்றையர் துப்பாக்கியாகும். மேசை விசிறியின் கம்பிக் கூடு தலைக்கவசமாகும். பிளெண்டரின் அடிப்பாகம் வேற்றுக்கிரகத்து மனிதனோடு பேசும் பெட்டியாகும். மாறுவேட விழாக்காரர், குறும்படம் எடுக்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து ஓடர் தருகிற பைத்தியங்கள் எல்லாரும் வாங்குவார்கள். திருகோணமலையில் இதைத் தொழிலாகச் செய்த முதல் ஆள் நான் என்று நீங்கள் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அது பொய். முதல் ஆட்கள் இரண்டு பேர். மற்றவனுடைய பெயர் நசார்.

நசார் கிண்ணியா ஆள். மோட்டர் கட்டுவது அவனுடைய வேலை. விசிறி, தண்ணீர்ப் பம்பு, கிறைண்டர் எதுவானாலும் கருகிய செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றி ஓடவைத்துவிடுவான். நான் அப்போது டவுனில் சந்தைக்குப் பின்னால் சின்னதாக ஒரு மின்சாதனக் கடை வைத்திருந்தேன். அதற்கு முன் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்தவன். அங்கே பழகிய சிங்களம் என் வாயில் தண்ணீராக ஓடும். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில். நாடகத்துக்கு ஒரு வேற்றுக்கிரகத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு ஹெயார் ட்றையரை வெட்டிப் பூசிக் கொடுத்தேன். வயரைப் பார்க்க வாலைப்போல வடிவாக இருந்தது, அதனால் நறுக்காமல் விட்டேன். உள்ளே கம்பிச்சுருள் அப்படியே இருந்தது. யாரோ ஒரு பிள்ளை அந்த வயரைக் கொண்டுபோய்ச் சுவரில் செருகிவிட்டது. புகை வந்தது, பூச்சு உருகியது, வேடம் போட்டிருந்த பிள்ளை துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி கத்துகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நின்ற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறி பூட்ட வந்து ஏணியில் நின்ற ஒருவன் ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். பிள்ளைக்குக் கை சிவந்ததோடு போய்விட்டது.

"முதல்ல வயர நறுக்கு, பொறகு வடிவப் பாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அவன்தான் நசார்.

வயரை முதலில் நறுக்கவேண்டும் என்பது உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். நல்லது. ஆனால் அந்தக் கதையில் நான் கவனித்திருக்கவேண்டியது வயரை அல்ல. அவசரம் என்று வந்தால் நசாருக்குக் கால் முன்னால் போகும், எனக்குக் கால் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே அது தெரிந்துவிட்டது. நான்தான் பார்க்கவில்லை.

அதன்பிறகு இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். அவன் உள்ளே சுழலவேண்டியதைச் சுழலவைப்பான், மினுங்கவேண்டியதை மினுங்கவைப்பான். வெளித்தோற்றம் என்னுடையது. எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. நசார் எந்தச் சாமானைச் செய்தாலும் ஏதாவது ஒரு மூலையில் அது பழைய வீட்டுச் சாமான் என்று தெரியும்படி விட்டுவிடுவான். அயன்பெட்டியில் பருத்தி, பட்டு, நைலோன் என்று எழுதியிருக்கும் வட்டத்தை அப்படியே விடுவான். பிளெண்டரின் ஒன்று, இரண்டு, மூன்று பொத்தான்களை விடுவான். எனக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"என்ன கோதாரிக்கு இத விட்டனி? ஆரும் பாத்தா அயன்பெட்டி எண்டு தெரிஞ்சுபோகுமே!"

"தெரியட்டும் மச்சான். கையில எடுத்துப் பாக்கிறவன் சிரிக்கோணும். சிரிச்சா பயப்படமாட்டான்."

"எங்கட வேலை சிரிக்கவைக்கிறதா?"

"வேற என்ன வேலை நம்மட வேலை?" என்று கேட்பான். நான் விடமாட்டேன். அவன் பின்னேரம் படகுக்கோ பஸ்ஸுக்கோ போனபிறகு அந்த இடத்தை நிரப்பிப் பூசிவிடுவேன். மறுநாள் வந்து பார்ப்பான், தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு பிள்ளைக் கூட்டம் குறும்படம் எடுக்க வந்தது. குச்சவெளிக் கடற்கரையில் ஒரு விண்கலம் விழுந்து கிடக்கிறது என்று கதை. விண்கலத்தின் உயிர்நாடி ஒரு உருண்டைப் பெட்டி. வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்றில் வருகிற பெட்டியின் படத்தைத் தந்து, அச்சொட்டாக அதேபோல வேண்டும் என்றார்கள். படத்தில் அந்தப் பெட்டியின் நெற்றியில் சிவப்பு இலக்கங்கள் மினுங்கி மினுங்கி இறங்கிக்கொண்டு போகும். நான் ஒரு பெரிய ரைஸ் குக்கரை எடுத்தேன். இலக்கத்துக்கு, குசினியில் கேக் வேகிற நேரம் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த டைமர். சிவப்பு வெளிச்சத்தை நசார் சேர்த்தான்.

சேர்க்கும்போதே சொன்னான். "நம்பர் ஏறட்டும் மச்சான். இறங்க வேணாம்."

"ஒறிஜினல்ல இறங்குதடாப்பா."

"அது எந்த நாட்டிலயோ எடுத்த படம். நம்மட ஊருல நம்பர் இறங்கினா சனம் வேற மாதிரித்தான் நினைக்கும். அதுவும் இந்த நாளையில."

அது தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தபிறகு சோதனைச் சாவடிகள் திரும்பவும் வந்திருந்த காலம். பஸ்ஸை நிறுத்துவார்கள், எல்லாரும் இறங்கிப் பையைத் திறந்து காட்டிவிட்டு நடந்துபோய் மறுபக்கத்தில் ஏறவேண்டும். முஸ்லிம் பெயர் உள்ளவர்களை இரண்டாம் தடவை பார்க்கிற காலம். நசார் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் நான் என்ன சொன்னேன்? "நகல் எண்டா நகல்தான். உனக்கு மோட்டர் கட்டத்தான் தெரியும், சும்மா இரு" என்று சொன்னேன்.

அவன் சும்மா இருக்கவில்லை. இரண்டு வேலை செய்தான். ரைஸ் குக்கரின் முன்பக்கத்தில், சோறு வேகத் தட்டிவிடுகிற சின்னத் தட்டியை வெட்டாமல், அதன் பக்கத்துப் படத்தோடு விட்டான். ஆவி பறக்கிற ஒரு கோப்பைச் சோற்றின் படம். அதைக் கண்ட எவனும் இது சோற்றுப் பானை என்று சொல்லிவிடுவான். இரண்டாவது, அந்தப் படக்குழுப் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு கடிதம் எழுதுவித்தான். இது படத்துக்கான பொம்மைச் சாமான், செய்தவர்கள் இன்னார், இன்ன நாள் குச்சவெளியில் படப்பிடிப்பு, சந்தேகம் என்றால் இந்த நம்பருக்கு எடுக்கவும் என்று எழுதி, பெட்டியின் படத்தையும் ஒட்டி, கிராம சேவகரிடம் அலைந்து முத்திரையும் குத்திக்கொண்டு வந்தான். மடித்து என் சேர்ட்டுப் பையில் அவனே வைத்தான்.

"நீதானே கதைக்கிற ஆள். உங்கிட்டயே இரிக்கட்டும்."

ஓம், கதைக்கிற ஆள் நான்தான். சாவடியில் எப்போதும் நான்தான் முன்னுக்குப் போய்ச் சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரித்துக் கதைப்பேன். நசாருக்கும் சிங்களம் தெரியும். சந்தைச் சிங்களம், திக்கித் திக்கி வரும்.

கொண்டுபோகிற நாள் காலையில், அவன் வருவதற்கு முன், நான் கடைசி வேலையாக அந்தத் தட்டியையும் சோற்றுப் படத்தையும் நிரப்பிப் பூசினேன். ஒறிஜினலில் சுவிட்ச் எதுவும் தெரியாது என்பதால் முன்னால் இருந்த டைமர் சுவிட்சையும் அடித்தட்டுக்குக் கீழே மாற்றிவைத்தேன். நசாருக்குச் சொல்லவில்லை. சொன்னால் சண்டை பிடிப்பான், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பையின் சிப்பைப் பூட்டி அவனிடம் கொடுத்தேன். அவ்வளவுதான்.

பஸ்ஸில் சனம் நெரிந்தது. நசாருக்குச் சாரதிக்குப் பின்னால் இடம் கிடைத்தது, பையை மடியில் வைத்திருந்தான். நான் பின்வாசலோடு தொங்கிக்கொண்டு நின்றேன். நிலாவெளி தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. அந்த அடியில் அடித்தட்டுச் சுவிட்ச் அமுங்கிவிட்டது. பீப், பீப் என்று சத்தம் கேட்டது. நசார் சிப்பைத் திறந்தான். சிவப்பு இலக்கங்கள் ஐந்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தன.

பக்கத்தில் மீன்கூடை வைத்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயோ, குண்டு! குண்டு!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. சாரதி பிறேக்கை மிதித்தார். சனம் யன்னலாலும் குதித்தது. நானும் குதித்தேன். ஓடிப்போய்த் தெருவின் மறுகரையில் சனத்தோடு சனமாக நின்றேன். நினைத்துப் பாருங்கள். அதற்குள் இருப்பது கேக் டைமரும் நாலு பற்றரியும் என்று அந்த பஸ்ஸில் தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன். நானும் ஓடினேன்!

நசார் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். சனம் இல்லாத பக்கமாக மணலில் கொண்டுபோய் வைத்தான். குனிந்து, முன்னால் இருக்கவேண்டிய சுவிட்சைத் தடவித் தேடினான். அது அங்கே இல்லை. முன்னால் இருக்கவேண்டிய சோற்றுப் படமும் இல்லை. அப்போதுதான் நிமிர்ந்து சனத்துக்குள் என்னைத் தேடினான். அதற்குள் சற்றுத் தூரத்துச் சாவடியிலிருந்து சீருடைக்காரர்கள் ஆயுதத்தோடு ஓடிவந்துவிட்டார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினான்.

"மொனவத மேக்க?" இது என்ன என்று கேட்டார்கள்.

"ரைஸ் குக்கர், சேர்" என்றான் நசார்.

அவர்கள் பார்த்தார்கள். எங்கே ரைஸ் குக்கர்? நான் அவ்வளவு திறமாகப் பூசியிருந்தேன். கடவுளே வந்து பார்த்தாலும் அதில் ஒரு சோற்றுப் பருக்கையைக் கண்டுபிடித்திருக்கமாட்டார்.

இலக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் நிலத்தில் படுத்தோம். நானும் படுத்தேன். வாயைத் திறந்து நாலு வார்த்தை சிங்களத்தில் சொன்னால் போதும். பையில் கடிதம் இருக்கிறது. எழும்பி இருபது அடி நடந்தால் போதும். நான் மணலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். இலக்கம் பூச்சியத்துக்கு வந்தது. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் வருகிற மாதிரி ஒரு கிணுகிணு மெட்டு வாசித்துவிட்டு நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

சனம் எழும்பி மண்ணைத் தட்டியது. ஒருவர் சிரித்தார். சிரித்த கையோடு எல்லாருக்கும் கோபம் வந்துவிட்டது. பயந்துபோன சனத்தின் கோபம் பொல்லாதது. "அடியுங்கோ அவனை" என்று எனக்குப் பக்கத்தில் நின்றவன் கத்தினான். வெடிக்காது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இனியாவது நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

பொறுப்பாக நின்றவர் நசாரிடம் கேட்டார், யாரோடு வந்தாய் என்று. நசார் மெல்லத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் நேராக என் கண்ணில் வந்து நின்றது. பிறகு என் சேர்ட்டுப் பைக்குப் போனது. பிறகு பஸ்ஸுக்குப் போனது. திரும்பவும் அந்த மனிதரைப் பார்த்து, தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னான்.

என்னைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்காரர் ஹோன் அடித்துச் சனத்தைக் கூப்பிட்டார். எல்லாரும் ஏறினார்கள், பஸ் குச்சவெளிக்குப் போனது. நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கமாக நடந்து, ஓட்டோ ஒன்றைப் பிடித்து வீட்டுக்கு வந்து, போனை நிறுத்திவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தேன். பட்டப்பகல் பதினொரு மணிக்கு.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். யுத்த காலத்தில், இருபத்திரண்டு வயதில், என்னை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை என் மனைவிக்கே நான் சொன்னதில்லை. இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னவுடனே நீங்கள் "பாவம் ஐயா" என்று மன்னித்துவிடுவீர்கள். மன்னிக்கவேண்டாம். சீருடையைக் கண்டால் நசாருக்கும் பயம்தான். அந்தப் பயத்தோடுதான் அவன் பையைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு நடந்தான்.

மறுநாள் பின்னேரம் நசாரின் மனைவி பரீதா வீட்டு வாசலில் வந்து நின்றார். ஓட்டோவில் தம்பியாரைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாவிலிருந்து வந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணன், அவர் சொல்லி விட்டிருக்கார். கடிதம் உங்கட சேட்டுப் பொக்கட்டுக்குள்ள இரிக்காம். அது வந்தா விட்டிருவாங்களாம்."

கதவில் கொழுவியிருந்த சேர்ட்டிலிருந்து எடுத்துவந்து, படலைக்கு மேலால் நீட்டினேன். படலையைத் திறக்கவில்லை.

"நீங்களும் வாங்களன் அண்ணன். உங்களுக்குத்தானே சிங்களம் நல்லா ஓடும். நான் என்னத்தக் கதைக்கிற?"

"எனக்குக் காய்ச்சல் பிள்ளை. எழும்ப ஏலாது" என்றேன், எழும்பி நின்றுகொண்டு.

அவர் கடிதத்தை நாலாக மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்கு அடுத்த நாள் நசாரை விட்டார்கள். கடிதத்தில் இருந்த நம்பருக்கு எடுத்துக் கேட்டதும் பத்து நிமிடத்தில் முடிந்ததாம். இரண்டு இரவுகளும் அவன், கடிதம் வரும், கடிதம் வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம். அவனுடைய போனை முதலே வாங்கிவிட்டார்கள், படக்குழுவின் நம்பர் அவனுக்குப் பாடமில்லை. அந்தப் பிள்ளைகளோ குச்சவெளியில் மத்தியானம் வரை நின்று எனக்குப் போன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டான் கிழவன் என்று திட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துத்தான் எனக்குக் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போகத் துணிவு வந்தது. நசார் தன் கடைக்குள் ஒரு மோட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தான். மெலிந்திருந்தான். கதிரையைக் காலால் தள்ளி இருக்கச் சொன்னான். நான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனதை ஒப்புவித்தேன். "நீ எனக்காகத் தனிய வந்தனான் எண்டு சொன்னதை நான் செத்தாலும் மறக்கமாட்டன் மச்சான்" என்றேன்.

அவன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான்.

"உனக்காகவா?" என்று கேட்டான். "ரெண்டு பேரையும் புடிச்சா கடிதத்த ஆரு கொண்டுபோற? அவனுகள் அப்ப ஒருத்தர்ட பேச்சையும் கேக்கிற மாதிரி இல்ல, சனமும் அடிக்க நிக்கிது. உன்னயும் சேத்து ஏத்தியிருந்தா கடிதத்தயும் பறிச்சிருப்பானுகள். நீ வெளிய நிண்டா நேரா அந்தப் புள்ளைகள்கிட்டப் போய்க் கூட்டிக்கிட்டு வருவாய் எண்டு நினைச்சேன்."

அவன் கீழே வைத்த கம்பியைத் திரும்பக் கையில் எடுத்தான்.

"பஸ் குச்சவெளிக்குத்தானே போனது மச்சான்" என்றான். "நீ சும்மா அதுல ஏறி இருந்திருந்தாலே போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மோட்டர் ஏன் எரிந்தது என்று விளக்குகிற மாதிரிச் சொன்னான். பிறகு, "படத்துல நீயும் நிக்கிறாய்" என்று தன் போனை எடுத்துக் காட்டினான்.

படம் உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் வந்த யாரோ எடுத்துப் போட்ட படம். மணலில் பெட்டி, சிவப்பு இலக்கம், பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாடிக்காரன். "கிண்ணியாக்காரன் குண்டோடு பிடிபட்டான்" என்று அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. விட்டுவிட்டார்கள், அது சோற்றுப் பானை என்ற செய்தி ஒரு தெருவைக்கூடத் தாண்டவில்லை. நசாரிடம் மோட்டர் கொடுக்கச் சனம் பயந்தது. அவனுடைய ஊர்ச் சனமே, எங்களுக்கும் சேர்த்து ஏன் கரைச்சல் தேடித் தந்தாய் என்று கேட்டது. கடைச் சொந்தக்காரர் கடையைத் திருப்பிக் கேட்டார். ஆறு மாதத்தில் அவன் குடும்பத்தோடு புத்தளம் பக்கம் போய்விட்டான். மைத்துனனின் உப்பளத்தில் பம்பு பார்க்கிறான் என்று கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு கம்பி சுற்றக்கூடிய கை, இப்போது உப்புத் தண்ணீருக்குச் சுவிட்ச் போட்டு நிறுத்துகிறது.

எனக்கு என்ன நடந்தது? சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஓடர் குவிந்தது. ஆயுதக்காரரே உண்மை என்று நம்பிய வேலை யாருடையது என்று கொழும்பிலிருந்து தேடிவந்தார்கள். நான் மறுக்கவில்லை. செய்தது நான்தானே, வெளித்தோற்றம் என்னுடையதுதானே என்று சொல்லிக்கொண்டேன். பெரிய கடை எடுத்தேன். உங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டேன். முதல் நாளே உங்களிடம் மூன்று சட்டம் சொன்னேன். இறங்குகிற இலக்கம் வைக்கக்கூடாது. வீட்டுச் சாமான் என்று தெரிய ஒரு அடையாளத்தை விடவேண்டும். கடிதம் யாருடைய சட்டைப் பையிலும் இருக்கக்கூடாது, சாமானின் மூடிக்கு உள்ளேயே ஒட்டியிருக்கவேண்டும். மூன்றும் நசாருடைய சட்டம். மூன்றாவதை அவன் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். இவற்றை நான் என் பெயரில் உங்களுக்கு விற்றேன்.

கடிதத்தை மூடிக்குள் ஒட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது ஏன் என்று தெரிந்துகொண்டு ஒட்டுங்கள். கூட வருகிறவனை நம்பமுடியாத தொழிலுக்குத்தான் அப்படிப்பட்ட சட்டம் தேவைப்படும். நான் கூட வந்ததால்தான் அது தேவைப்பட்டது.

இன்னொன்று. நீங்கள் வாடிக்கையாளர் வந்தால் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டுவீர்கள். "எங்கட ஐயா செஞ்ச வேலை, பாருங்கோ, எல்லாரையும் படுக்கவைச்சிட்டார்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியது நான். அது முழுப் படமல்ல. வலப்பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். வெட்டுவது நமக்குக் கைவந்த வேலை.

இந்தத் தாள்களோடு முழுப் படத்தையும் வைத்திருக்கிறேன். மீன்கூடை அம்மாவுக்குப் பின்னால், கட்டம் போட்ட சேர்ட்டோடு ஒருவன் நிற்கிறான். பெரிதாக்கிப் பாருங்கள், அவன் சட்டைப் பையில் வெள்ளையாக மடித்த காகிதம் ஒன்று தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. இனி யாருக்காவது காட்டுவதென்றால் இந்தப் படத்தைக் காட்டுங்கள். பெட்டியைச் செய்தது யார் என்று கேட்டால் இரண்டு பேரின் பெயரையும் சொல்லுங்கள். கடிதம் யாரிடம் இருந்தது என்று கேட்டால் என் பெயரை மட்டும் சொல்லுங்கள்.